'ஐ வில் வேக் அப்' ஏன் வருகிறது: நம் வீட்டு அன்றாடத்தை வைத்தே ஆங்கில நிகழ்காலம் பழகுவது

ரங்கூனுக்குப் பக்கத்திலுள்ள தன்லினிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் தங்கை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ரங்கூனில் ஓட்டல் வரவேற்பு வேலைக்கு முயற்சி செய்கிறாள். பாடப்புத்தகத்தில் 'லைஃப்ஸ்டைல்' பாடத்தோடு நிகழ்கால டென்ஸ் எல்லாம் வருகிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அட்டவணையை ஒப்பிப்பாள். ஆனால் தினமும் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'ஐ வில் வேக் அப்', 'ஐ ஆம் கோயிங் டெய்லி' என்று உளறுகிறாள். வீட்டிலேயே எப்படிப் பழக்குவது?"

தம்பி, உங்கள் தங்கை உளறவில்லை. தமிழில் சரியாக யோசித்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைக்கிறாள். "காலையில் 5 மணிக்கு எழுந்திருப்பேன், வாசல் தெளிப்பேன், அப்புறம் டீ குடிப்பேன்" என்றுதானே நாம் எல்லோரும் பேசுகிறோம்? எழுந்திருப்பேன், தெளிப்பேன், குடிப்பேன் எல்லாம் இலக்கணப்படி எதிர்கால வினை. ஆனால் அன்றாடப் பழக்கத்தைச் சொல்லவும் தமிழில் அதே வடிவம்தான். எதிர்காலம் என்றால் 'வில்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவளும் ஒவ்வொரு 'பேன்'னுக்கும் ஒரு 'வில்' போட்டுவிடுகிறாள். கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். "ஐ வில் வேக் அப் அட் ஃபைவ்" என்றால், நாளைக்கு எங்கோ கிளம்புகிறாள் போல, அதற்காக 5 மணிக்கு எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார். பழக்கத்துக்கு வெறும் "ஐ வேக் அப் அட் ஃபைவ்" போதும். வில்லும் வேண்டாம், ஆமும் வேண்டாம்.

அந்த 'ஆம்' எங்கிருந்து வருகிறது என்றால், நம் 'கிறேன்' செய்யும் வேலை அது. "ஓட்டலில் வேலை செய்கிறேன்" என்பதைத் தொழிலைச் சொல்லவும் பயன்படுத்துகிறோம், யாராவது போன் பண்ணினால் "வேலை செய்கிறேன், அப்புறம் பேசு" என்று வைக்கவும் பயன்படுத்துகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்தே தீரும். ஒன்று "ஐ ஒர்க்", மற்றது "ஐ ஆம் ஒர்க்கிங்".

நமக்கு இங்கே மூன்றாவதாகப் பர்மிய மொழியும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் பர்மியம் என்று வளர்ந்த பிள்ளைகள் பாதி நேரம் பர்மியத்தில்தான் யோசிக்கிறார்கள். பர்மியத்தில் "சா டே" என்பது நேற்றுச் சாப்பிட்டதற்கும் ஆகும், தினமும் சாப்பிடுவதற்கும் ஆகும். "மனேகா சா டே", "நேடைங் சா டே" என்று முன்னால் வரும் நேரச் சொல்தான் வித்தியாசம் காட்டும். வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறுவதும் கிடையாது. நானானாலும் அக்காவானாலும் அதே "சா டே"தான். அதனால் தமிழில் "அக்கா சாப்பிடுகிறாள்" என்று விகுதியை ஒழுங்காகப் போடும் பிள்ளைகூட, ஆங்கிலத்தில் "மை சிஸ்டர் ஈட்" என்று நிறுத்திவிடுகிறது. இன்னொன்று, பர்மியச் சொற்கள் 'ஸ்' போன்ற மெய்யொலியில் முடிவதில்லை. அந்தப் பழக்கத்தில் "ஈட்ஸ்", "ஒர்க்ஸ்" என்று மனதில் இருந்தாலும் வாய் கடைசி ஒலியை விழுங்கிவிடும். எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை நேர்முகத்தில் எஸ்ஸை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு விதி சொல்லிக் கொடுத்துப் பயனில்லை, வாய்ப் பயிற்சிதான் வேண்டும். கடைசி ஒலியைக் கொஞ்சம் மிகையாகவே, "லைக்ஸ்ஸ்", "ஒர்க்ஸ்ஸ்" என்று இழுத்துச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். சில நாளில் தானாக அளவுக்கு வந்துவிடும்.

சரி, எப்படிப் பழக்குவது என்பதற்கு வருகிறேன். நான் மாலை நேர டியூஷனில் அட்டவணையை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்வேன். இந்த விஷயம் உனக்குக் கண்ணால் தெரிகிறதா, முன்பே தெரியுமா? கண் முன்னால் நடப்பது என்றால் 'இஸ்' போட்டு 'இங்' போடு. பார்க்காமலே உனக்குத் தெரிந்தது என்றால் வெறும் வினை.

இதைப் பழக டீக்கடையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ரங்கூனில் எந்தத் தெருவிலும் குட்டி ஸ்டூல் போட்ட ஒரு டீக்கடை இருக்கும், மேசை மேல் வெறும் சாயத் தண்ணீர் பிளாஸ்க் இலவசமாக இருக்கும். எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். தங்கையோடு போய் உட்காருங்கள். எதிரே மரத்தடியில் ஒரு சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, நிற்கிறது, ஓட்டுபவர் பயணி இருக்கையில் காலை நீட்டித் தூங்குகிறார் என்று வையுங்கள். அவர் என்ன செய்கிறார்? "ஹீ இஸ் ஸ்லீப்பிங்." கண்ணால் தெரிகிறது. அவர் என்ன தொழில்? "ஹீ டிரைவ்ஸ் எ டிரைஷா." இந்த நிமிடம் அவர் ஓட்டவே இல்லை, ஆனாலும் ஓட்டுகிறார்! இந்த ஒரு காட்சியில் இரண்டு டென்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். கடைப் பையன் ஒரே கையில் ஆறு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். "தி பாய் இஸ் கேரியிங் சிக்ஸ் கப்ஸ்." அவன் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்குகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். "ஹீ ஸ்டார்ட்ஸ் ஒர்க் பிஃபோர் சன்ரைஸ்." பக்கத்து மேசைக்காரர் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொகிங்கா சாப்பிடுகிறார், "ஹீ இஸ் ஈட்டிங் மொகிங்கா". அவர் தினமும் வருபவர், "ஹீ கம்ஸ் ஹியர் எவ்ரி டே". ஒரு ஆளுக்கு இரண்டு வாக்கியம், ஒன்று கண்ணுக்கு, ஒன்று அறிவுக்கு. அடுத்த ஆளுக்குப் போங்கள். இப்படி அரை மணி நேரம் செய்தால் 'ஹீ', 'ஷீ'க்கு எஸ் போடும் பழக்கமும் கூடவே வரும். தன்னைப் பற்றி மட்டும் பேசிப் பழகும் பிள்ளைக்கு எஸ்ஸே தேவைப்படாது, அப்புறம் எப்படி வாயில் வரும்?

புத்தகத்தின் லைஃப்ஸ்டைல் பாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூங்காவில் ஜாகிங் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் சாப்பிடுகிறவர், ஜிம்முக்கு வாரம் மூன்று நாள் போகிறவர் என்று அதில் வருபவர்கள் யாரும் நம் தெருவில் இல்லை. அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்தவளிடம் "உன் நாளைச் சொல்" என்றால் அவளால் சொல்ல முடியாது. நம் வீட்டில் நடப்பதற்கு வார்த்தை சேர்த்துக் கொடுங்கள். முகத்தில் பூசும் தனகா மரப்பட்டையைக் கல்லில் அரைப்பது "கிரைண்ட்". காலையில் பிக்குகள் வரிசையில் வரும்போது சோறு போடுவது "ஆஃபர் ரைஸ் டு தி மாங்க்ஸ்". படகில் ஆற்றைக் கடப்பது "டேக் தி ஃபெர்ரி". குளிப்பது "ஹேவ் எ ஷவர்" என்றால் போதும், பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது பெர்ஃபெக்ட், அதாவது ஹேவ், ஹேஸ் போட்டு வரும் டென்ஸ். பிள்ளைகள் நடுங்குவது இதற்குத்தான், ஆனால் பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கவே கூடாது. கரண்ட் போய் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். தெரு முழுக்க இருட்டு. திடீரென்று விளக்கு எரிந்ததும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் வருமே, "மீ லா பீ!" அந்த 'பீ'தான் ஆங்கிலத்தின் 'ஹேஸ்'. "தி பவர் ஹேஸ் கம் பேக்." சற்று முன் ஒன்று நடந்தது, அதனால் இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எத்தனை மணிக்கு வந்தது என்பது அங்கே யாருக்கும் முக்கியமில்லை. அந்த நிமிடத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று தொடர்ந்து சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் மோட்டார் போட ஓடுகிறார், "மை பிரதர் இஸ் ரன்னிங் டு தி பம்ப்". அம்மா அரிசி குக்கரைச் சொருகுகிறார், "மை மதர் இஸ் பிளக்கிங் இன் தி ரைஸ் குக்கர்". ஏன் முதலில் மோட்டார்? "வீ ஆல்வேஸ் ஃபில் தி டேங்க் ஃபர்ஸ்ட்." மறுபடி எப்போது போகும் என்று தெரியாது, அதனால் எப்போதும் தண்ணீர்தான் முதலில். மாறிய நிலைமை, கண் முன் நடப்பது, வீட்டு வழக்கம் மூன்றும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டன. நான் டியூஷனில் இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன். எல்லோருக்கும் தெரிந்த காட்சி என்பதால் என்ன சொல்வது என்று யோசிக்கும் வேலை இல்லை, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மிச்சம்.

அதே காட்சியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. "கரண்ட் வந்தால் டேங்க் நிரப்புவோம்" என்பது வழக்கம். இதற்கு "வென் தி பவர் கம்ஸ் பேக், வீ ஃபில் தி டேங்க்" என்று இரண்டு பக்கமும் வில் இல்லாமல் வரும். இன்று ராத்திரி மட்டும் செய்யப்போவது என்றால் "வென் தி பவர் கம்ஸ் பேக், ஐ வில் சார்ஜ் மை போன்" என்று பின்பாதியில் மட்டும் வில் வரும். 'வென்' இருக்கும் பாதியில் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம்.

தமிழிலும் இந்தப் பெர்ஃபெக்ட் இல்லாமல் இல்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோம், பர்மியர்கள் "தமின் சா பீ பீ லா" என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் "ஹேவ் யூ ஈட்டன்?" என்று வரும். அனுபவத்தைச் சொல்ல நாம் "போயிருக்கிறேன்" என்போம், அவர்கள் 'பூ' சேர்த்து "த்வா பூ டே" என்பார்கள். "ஹேவ் யூ எவர் பீன் டு பாகான்?" என்று கேட்டால் "யெஸ், ஐ ஹேவ்" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். ஆனால் எப்போது என்ற கேள்வி வந்த உடனே ஹேவ் போய்விட வேண்டும். "ஐ வென்ட் லாஸ்ட் இயர்." "ஐ ஹேவ் கான் லாஸ்ட் இயர்" என்பது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் தவறு. வரவேற்பு மேசைக்குப் போகிறவள் என்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மேனேஜர் வெளியே போய் இன்னும் வரவில்லை என்றால் "ஹேஸ் கான் டு தி பேங்க்". போய்த் திரும்பிவிட்டார் என்றால் "ஹேஸ் பீன் டு தி பேங்க்". இரண்டையும் மாற்றிச் சொன்னால் விருந்தினர் சும்மா உட்கார்ந்து காத்திருப்பார்.

இந்தப் பாடத்தில் நம்மவர்கள் கடைசி வரை தடுமாறும் இடம் 'பத்து வருஷமாக'. "நான் மூன்று வருஷமாக இங்கிலீஷ் படிக்கிறேன்" என்பது தமிழில் நிகழ்காலம், அதனால் "ஐ ஆம் லேர்னிங் இங்கிலிஷ் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வந்துவிடும். அதில் தவறு இரண்டு. முன்னே தொடங்கி இன்று வரை நீளும் எதற்கும் ஆங்கிலம் ஹேவ் கேட்கும், அதனால் "ஐ ஹேவ் பீன் லேர்னிங்". அப்புறம் கால அளவு என்றால் 'ஃபார்', தொடங்கிய புள்ளி என்றால் 'சின்ஸ்'. "ஃபார் த்ரீ இயர்ஸ்", "சின்ஸ் ஜூன்". கடை வைத்திருப்பது, ஒருவரைத் தெரிந்திருப்பது போன்றவற்றுக்கு மட்டும் 'பீன் இங்' வராது. "அப்பா இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார்" என்பதற்கு "மை ஃபாதர் ஹேஸ் ஹேட் எ ஷாப் ஃபார் டுவென்டி இயர்ஸ்". ஹேஸ் ஹேட் என்று அடுத்தடுத்து வருவது வாய்க்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் சரியானது அதுதான்.

இதோடு சேர்ந்ததுதான் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". உடைமை, உறவு, விருப்பம், தேவை, புரிதல் இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் 'இங்' கிடையாது. ஐ ஹேவ், ஐ லைக், ஐ நீட், ஐ அண்டர்ஸ்டாண்ட். சோறு சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கலாம், அதனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" தாராளமாகச் சொல்லலாம். நான் முதலில் சொன்ன கேள்வி இங்கேயும் பெரும்பாலும் கை கொடுக்கும். கை கொடுக்காத இடங்களும் உண்டு. "திஸ் மந்த்" போன்ற தற்காலிகம் அதில் ஒன்று. தன்லின்தான் சொந்த இடம் என்றால் "ஐ லிவ் இன் தன்லின்". வேலை கிடைக்கும் வரை ரங்கூனில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றால் "ஐ ஆம் ஸ்டேயிங் வித் மை ஆன்ட்". அந்த நிமிடம் அவள் அத்தை வீட்டில் இல்லை, நேர்முக அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்பதால் 'இங்'. ஏற்கெனவே முடிவு செய்த ஏற்பாட்டுக்கும் 'இங்' வரும். "வீ ஆர் கோயிங் டு பீலிக்கான் ஆன் சண்டே" என்றால் பீலிக்கான் கோயிலுக்கு வண்டி பேசியாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்குப் போகிறவர்கள் "வீ கோ டு பீலிக்கான் எவ்ரி இயர்" என்பார்கள். ரயில், படகு நேரமெல்லாம் நாளைக்கு உரியதானாலும் வெறும் வினைதான், "தி ஃபெர்ரி லீவ்ஸ் அட் சிக்ஸ்". விருந்தினர்கள் தினமும் கேட்பது இதைத்தான் என்பதால், படகும் ரங்கூன் சுற்று ரயிலும் கிளம்பும் நேரங்களை வைத்து அவளைக் கேள்வி கேளுங்கள்.

மழைக்கும் அப்படித்தான். "இட் ரெயின்ஸ் எ லாட் ஃப்ரம் மே டு அக்டோபர்" என்றால் ரங்கூனின் பருவம். குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல "இட் இஸ் ரெயினிங்".

ஆல்வேஸ், யூஷுவலி, நெவர் எங்கே வரும் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். சாதாரண வினைக்கு முன்னால், ஆம் இஸ் ஆருக்குப் பின்னால். "ஐ யூஷுவலி வாக்", "ஐ ஆம் நெவர் லேட்". அவ்வளவுதான். ஆனால் "ஆல்வேஸ்" பக்கத்தில் 'இங்' வந்தால் குரலில் சலிப்பு ஏறிவிடும். "மை பிரதர் இஸ் ஆல்வேஸ் லுக்கிங் அட் ஹிஸ் போன்" என்று அவள் உங்களைப் பற்றிச் சொன்னால், அது பாராட்டு இல்லை!

வீட்டில் பழக்க இன்னொரு நல்ல வழி, தமிழ்நாட்டு உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பு. இங்கே இரவு 7 மணி என்றால் அங்கே 6 மணி. நாம் சாப்பிட உட்காரும்போது அங்கே அத்தை மகள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். பேசி முடித்ததும் ஐந்து நிமிடம், இரண்டு வீட்டையும் ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லட்டும். "வீ ஆர் ஹேவிங் டின்னர், பட் மை கசின் இஸ் ஸ்டில் கமிங் ஹோம். வீ ஈட் எர்லி. தே ஈட் லேட்." 'பட்' ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வாக்கியம் தானாக நீளும். இங்கே நாங்கள் லுங்கி கட்டுகிறோம், அங்கே அவர்கள் பேன்ட் போடுகிறார்கள் என்று லைஃப்ஸ்டைல் பாடம் முழுவதும் இதிலேயே அடங்கிவிடும். பிழை வந்தால் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். முடிந்த பிறகு ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், அதுவும் திரும்பத் திரும்ப வருவதை மட்டும். பத்துப் பிழையையும் சேர்த்துச் சொன்னால் மறுநாள் வாயையே திறக்க மாட்டாள்.

நேர்முகத்துக்கு ஒரு எச்சரிக்கை. "வாட் டு யூ டு?" என்று கேட்டால் என்ன தொழில் என்று பொருள், "வாட் ஆர் யூ டூயிங்?" என்றால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பொருள். தமிழில் இரண்டுமே "என்ன பண்றீங்க?" என்பதால் முதல் கேள்விக்கு "ஐ ஆம் சிட்டிங் ஹியர்" என்று பதில் சொன்னவர்கள் உண்டு. வேலை இல்லையென்றால் "ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்" என்பது போதும். கூடவே "ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட் ஸ்கூல், அண்ட் ஐ ஸ்பீக் தமிழ், பர்மீஸ் அண்ட் சம் இங்கிலிஷ்" என்று சேர்த்துக்கொள்ளட்டும். 'ஐ ஆம் ஸ்பீக்கிங் தமிழ்' என்று மட்டும் வேண்டாம், அந்த அறையில் அவள் அப்போது பேசிக்கொண்டிருப்பது ஆங்கிலம். அடுத்து அநேகமாக "கேன் யூ ஒர்க் நைட் ஷிஃப்ட்?" என்று வரும். தன்லினுக்கு இரவில் எப்படித் திரும்புவாள் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு, அந்தப் பதிலையும் ஆங்கிலத்தில் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.